அடுக்குக் கட்டில் வாங்குமுன் மெத்தையின் மேலிருந்து அளந்து பாருங்கள்

கொழும்பில் இரண்டு அறை வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு அடுக்குக் கட்டில் ஆடம்பரம் இல்லை. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் நான் போகிற ஃப்ளாட்டுகளில் பிள்ளைகளின் அறை அனேகமாகப் பத்துக்குப் பத்து அடிதான். அதற்குள் அலுமாரி, படிக்கிற மேசை, பள்ளிக்கூடப் பைகள் எல்லாம் அடங்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா வந்தால் அவருக்கும் ஒரு படுக்கை வேண்டும். நிலத்தில் இடம் இல்லையென்றால் மேலேதான் போக வேண்டும்.

நான் தெஹிவளையில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஓடாவி. கட்டில் செய்வதும், வெளியில் வாங்கியதைப் பூட்டிக் கொடுப்பதும், ஆட்டம் கண்டதைத் திருத்துவதும் என் வேலை. வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணை, என்ன மரம், என்ன விலை?" நான் திருப்பிக் கேட்பது, "என்ன மெத்தை போடப் போறீங்கள்?"

பலருக்கு இந்தக் கேள்வி விளங்குவதில்லை. மெத்தையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் பிள்ளை படுப்பது மெத்தையின் மேல். தடுப்பு எவ்வளவு உயரம், பேன் எவ்வளவு தூரம், கூரைக்கும் தலைக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையெல்லாம் மெத்தையின் மேற்பரப்பிலிருந்துதான் அளக்க வேண்டும். கடையில் மெத்தை இல்லாமல் வெறும் சட்டமாக நிற்கிற கட்டிலைப் பார்த்தால் எல்லாத் தடுப்பும் உயரமாகத்தான் தெரியும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். மேல் கட்டிலின் பலகையிலிருந்து தடுப்பு 12 அங்குல உயரம் என்று வையுங்கள். 4 அங்குல மெத்தை போட்டால் பிள்ளையின் பக்கத்தில் 8 அங்குலத் தடுப்பு மிஞ்சும், அது நல்லது. அதே கட்டிலில் 10 அங்குல ஸ்பிரிங் மெத்தையைப் போட்டால் மிஞ்சுவது 2 அங்குலம். நித்திரையில் புரளுகிற பிள்ளைக்கு 2 அங்குலம் ஒரு தடுப்பே இல்லை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலிருந்து நடப்பில் இருக்கும் சட்டப்படி, மெத்தைக்கு மேலே குறைந்தது 5 அங்குலம் தடுப்பு நிற்க வேண்டும். ஐரோப்பிய நியமமான ஈஎன் 747 அதைவிடக் கூட, மெத்தைக்கு மேலே 16 சென்ரிமீற்றர், அதாவது ஆறேகால் அங்குலம் கேட்கிறது. நான் 7 அங்குலத்துக்குக் குறைய விடுவதில்லை. பிள்ளைகள் தலையணை, போர்வை, பொம்மை என்று மேலே ஏற்றிக்கொண்டே போவார்கள். அத்தனையும் தடுப்பைத்தான் குறைக்கும்.

ஆகவே மேல் கட்டிலுக்கு 4 அல்லது 5 அங்குல மெத்தை போதும். ஸ்பொஞ்ச் என்றால் கெட்டியான ரகம் எடுங்கள், உட்கார்ந்தால் பலகை முட்டக்கூடாது. தும்பு மெத்தை நம் வெக்கைக்கு நல்லது, காற்று உள்ளே ஓடும், வியர்வை தங்காது. வளருகிற பிள்ளையின் முதுகுக்குத் தடித்த மெத்தைதான் வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். தடிப்பு அல்ல, அமிழாமல் சமமாகத் தாங்குவதுதான் முக்கியம். தடித்த மெத்தை கட்டாயம் வேண்டுமென்றால் அதைக் கீழ்க் கட்டிலுக்குப் போடுங்கள்.

நீள அகலத்தையும் கவனியுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற கட்டில்கள் பல 190 சென்ரிமீற்றர் நீளம். இங்கே வழக்கமாக வாங்குகிற மெத்தை 72க்கு 36 அங்குலம், அதாவது 183 சென்ரிமீற்றர். கால்மாட்டில் 7 சென்ரிமீற்றர், ஏறக்குறைய 3 அங்குலம் பள்ளமாகக் கிடக்கும். சின்னக் கால் உள்ளே போய்ச் சிக்க அது போதும். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் தடிப்புக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. கட்டில் 75 அங்குலம் என்றால் 75 அங்குல மெத்தையைத்தான் வாங்க வேண்டும். இடைவெளிக்குள் தலையணையைத் திணித்துச் சமாளிக்கிற வேலை வேண்டாம்.

சுவர்ப் பக்கத்துக்குத் தடுப்பு எதற்கு என்று கேட்டுக் காசைக் குறைக்கச் சொல்பவர்கள் உண்டு. "சுவர்தானே இருக்கு, அங்கால எங்க விழப்போறான்?" என்பார்கள். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில்தான் விழுவான். கட்டில் மெல்ல மெல்ல நகரும். கூட்டுகிறவர்கள் இழுப்பார்கள், சுவரின் அடிப்பலகை தள்ளும். 4 அங்குல இடைவெளி வந்துவிட்டால் பிள்ளையின் உடம்பு கீழே வழுகும், தலை மட்டும் மேலே சிக்கி நிற்கும். கீழே விழுவதைவிடக் கொடுமையான ஆபத்து அது, சத்தமே வராது. அதனால்தான் அமெரிக்கச் சட்டம் சுவர்ப் பக்கத் தடுப்பு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே தொடராக இருக்க வேண்டும் என்கிறது. நான் செய்கிற கட்டிலில் சுவர்ப் பக்கத் தடுப்பைக் கழற்ற முடியாது. அதைக் குறைக்கச் சொன்னால் அந்த வேலையை எடுப்பதில்லை.

தடுப்பில் சட்டத்துக்குச் சட்டம் உள்ள இடைவெளிக்கும் இதே காரணம்தான். அமெரிக்கக் கணக்கில் மூன்றரை அங்குலத்துக்கு மேல் கூடாது. ஐரோப்பியக் கணக்கில் 6 முதல் ஏழரை சென்ரிமீற்றர். கடைக்குப் போகும்போது மகனின் கிரிக்கெட் பந்தைக் கொண்டு போங்கள், லெதர் பந்து. அதன் குறுக்களவு கொஞ்சம் கூடக்குறைய 7.2 சென்ரிமீற்றர். சட்டங்களுக்கு நடுவில் அது உரசிக்கொண்டு போனால் சரி. பக்கத்தில் விரலும் சேர்ந்து தாராளமாகப் போனால் அந்தக் கட்டிலை விட்டுவிடுங்கள்.

அடுத்தது பேன். கொழும்பு வீடுகளில் இதைப்போலக் கவனிக்காமல் விடப்படுகிற விஷயம் வேறில்லை. பத்துக்குப் பத்து அறையில் சீலிங் பேன் நடுவில் தொங்கும். சுவரிலிருந்து நடு 60 அங்குலம். 56 அங்குல பேன் என்றால் இறக்கை நடுவிலிருந்து 28 அங்குலம் நீளும். அப்போது சுவருக்கும் இறக்கை நுனிக்கும் 32 அங்குலம்தான் மிச்சம். கட்டில் சட்டத்தோடு 39 அங்குல அகலம் வரும். கழித்துப் பாருங்கள், இறக்கை கட்டிலுக்கு மேலே 7 அங்குலம் வந்து சுற்றும்.

உயரம் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். கூரை 9 அடி என்றால் 108 அங்குலம். பேன் ஒரு அடி இறங்கித் தொங்கினால் இறக்கை 96 அங்குலத்தில் சுற்றும். மேல் கட்டிலின் மெத்தை 60 அங்குலத்தில் இருந்தால் நடுவில் 36 அங்குலம். பத்து வயதுப் பிள்ளை சம்மணம் கட்டி உட்கார்ந்து கையைத் தூக்கினாலே அதைத் தாண்டி எட்டும். முழங்காலில் நின்று ரீசேட்டைக் கழற்றினால் சொல்ல வேண்டியதில்லை. கடற்கரைப் பக்கத்து ஃப்ளாட் ஒன்றில் கட்டிலைப் பூட்டி முடித்ததும் மூத்த பிள்ளை ஓடி ஏறி, "மாமா, இங்க பாருங்கோ" என்று நிற்கிற பேனின் இறக்கையைப் பிடித்துச் சுற்றிக் காட்டினாள். அன்றைக்கே பேனைக் கழற்றச் சொல்லி, தாயும் தகப்பனும் ஒத்துக்கொண்ட பிறகுதான் கீழே இறங்கி வந்தேன்.

அறை பெரிதென்றால் பேன் நுனிக்கும் கட்டிலுக்கும் நடுவில் 6 அடி விட்டு வையுங்கள். சின்ன அறையில் சீலிங் பேனை எடுத்துவிட்டுச் சுவர் பேன் பூட்டுங்கள். அதுதான் வசதியும்கூட, ஏனென்றால் சீலிங் பேனின் காற்று கீழ்க் கட்டிலுக்கு வராது. மேலே இருப்பவன் பலகையும் மெத்தையுமாக மறைத்துக்கொண்டு கிடப்பான், கீழே இருப்பவன் வியர்த்துக் கொட்டுவான். எதிர்ச் சுவரில் கை எட்டாத இடத்தில், இரண்டு கட்டிலுக்கும் காற்று படுகிற மாதிரி ஒன்று பூட்டினால் போதும். இரண்டு பூட்டினால் இன்னும் நல்லது. தடுப்பில் கிளிப் போட்டு மாட்டுகிற குட்டி பேன் வேண்டாம், அதன் வயர் பிள்ளையின் கழுத்துக்குப் பக்கத்தில் தொங்கும்.

கூரைக்கும் மேல் மெத்தைக்கும் 3 அடியாவது வேண்டும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு என்றால் பகலெல்லாம் கொங்கிறீட் சூடேறி இரவில் இறக்கும். பங்குனி, சித்திரையில் மேல் கட்டிலில் படுக்கவே முடியாது. அப்படியான வீட்டுக்குக் கட்டிலை ஒரு அரை அடி பதித்துச் செய்யச் சொல்லலாம். ஆனால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்காரவும் 34, 35 அங்குலம் வேண்டும். இல்லாவிட்டால் அம்மம்மாதான் ஒவ்வொரு காலையும் தலையை முட்டிக்கொள்வார்.

ஜன்னலோரத்தில் அடுக்குக் கட்டில் வேண்டவே வேண்டாம். கடல் தெரியும், காற்று வரும் என்று ஆசைப்படுவார்கள், எனக்கும் விளங்குகிறது. மேல் கட்டிலில் நிற்கிற பிள்ளைக்கு ஜன்னலின் மேற்பாதி இடுப்பளவுக்கு வந்துவிடும். நாலாம் மாடியில் இழுத்துத் திறக்கிற அலுமினிய ஜன்னலும் நுளம்பு வலையும் ஒரு பிள்ளையின் பாரத்தைத் தாங்காது. வேறு சுவரே இல்லையென்றால் முதலில் கிறில் அடியுங்கள், அப்புறம் கட்டில் வாங்குங்கள்.

நுளம்பு வலை பற்றியும் கேட்பார்கள். டெங்கு பரப்புகிற நுளம்பு பெரும்பாலும் பகலில் கடிப்பது, காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்னும் கூடுதல். பள்ளிக்கூடம் விட்டு வந்து ரியூசனுக்குப் போகுமுன் ஒரு மணித்தியாலம் தூங்குகிற நேரத்துக்கும் பாதுகாப்பு வேண்டும். மேல் கட்டிலுக்கு மேலே கயிற்றில் தொங்கும் வட்ட வலை கால் கையில் சுற்றும். அதைவிட அறையின் ஜன்னல்களுக்கு வலை அடிப்பது நல்லது, இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே செலவில் முடியும். கீழ்க் கட்டிலுக்கு மட்டும் வேண்டுமென்றால் உள்பக்கமாக வெல்குரோ ஒட்டிப் பெட்டி வலை போடலாம்.

மேலே படுக்கிற வயது 6. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கட்டிலில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையும் இதைத்தான் சொல்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், பகலில் குரங்கு மாதிரி ஏறி இறங்கினாலும், இரவு ஒரு மணிக்கு அரை நித்திரையில் இறங்குவது வேறு. நித்திரையில் நடக்கிற பிள்ளை, வலிப்பு வருகிற பிள்ளை, இரவில் அடிக்கடி எழும்புகிற பிள்ளை வயது வந்தாலும் கீழேதான். இரண்டு பேரும் ஆறுக்குக் கீழே என்றால், இரண்டு தனிக் கட்டிலாகக் கழற்றிப் போடக்கூடியதை வாங்கி, இப்போதைக்கு நிலத்திலேயே வையுங்கள். இல்லாவிட்டால் ஒன்றுக்குள் ஒன்று இழுத்து எடுக்கிற கட்டில் வாங்குங்கள். கழற்றிப் போடுகிற வகையில் மேலையும் கீழையும் சேர்க்கிற கம்பி இரும்பாக, இரண்டு கால்களுக்குள்ளும் ஆழமாக இறங்குவதாக இருக்க வேண்டும். பிளாஸ்ரிக் முளை என்றால் வாங்காதீர்கள்.

இனிக் கடையில் செய்ய வேண்டியது. வெட்கப்படாமல் கீழ்க் கட்டிலில் மல்லாந்து படுத்து, இரண்டு பாதத்தாலும் மேல் பலகையை உந்துங்கள். பிள்ளைகள் செய்யப்போகிற முதல் வேலை அதுதான். குறுக்குப் பலகைகள் சட்டத்தில் சும்மா வைத்திருந்தால் மேலே எழும்பும், திரும்பி விழும்போது ஒரு முனை விளிம்பைத் தவறவிடும். அப்படித்தான் மெத்தையும் பிள்ளையுமாகக் கீழே வருகிறது. ஒவ்வொரு பலகையும் இரண்டு முனையிலும் திருகாணி போட்டு இறுக்கியிருக்க வேண்டும். பலகைக்குப் பலகை 3 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் மெத்தை இடையில் இறங்கும்.

பிறகு எழும்பி, மேல் மூலையைப் பிடித்து மூலைவிட்டமாக ஆட்டுங்கள். ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நீட்டுச் சட்டம் காலோடு சேருமிடத்தில் ஒரே ஒரு போல்ட் என்றால் அது அச்சு மாதிரிச் சுழலும், எத்தனை தரம் இறுக்கினாலும் தளரும். இரண்டு போல்ட் வேண்டும், அவை காலை ஊடுருவி இரும்பு நட்டில் கடிக்க வேண்டும். தூள் பலகையில் வெறும் ஸ்குரூ ஏறியிருந்தால் கொழும்பின் ஈரத்துக்குப் பலகை ஊதும், ஸ்குரூ பிடி விடும். இழுப்பறைக்கு அந்தப் பலகை பரவாயில்லை, காலுக்கும் சட்டத்துக்கும் ஆகாது.

மரத்தில் தேக்கும் மகோகனியும் பலாவும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், பாரமும் விலையும் கூடத்தான். மொரட்டுவைப் பட்டறைகளில் சொல்லிச் செய்விக்கலாம், அளவும் உங்கள் அறைக்குச் சரியாக வரும். றப்பர் மரம் மலிவு, நல்ல மரமும்தான், ஆனால் மருந்தேற்றியதாக இருக்க வேண்டும். மருந்தேற்றாததில் உளு விழுந்து அடியில் மா மாதிரித் தூள் கொட்டும். பழைய கட்டில் வாங்குகிறவர்கள் முதலில் அந்தத் தூளைத் தேடுங்கள், அப்புறம் பலகை இடுக்குகளில் மூட்டைப்பூச்சியைத் தேடுங்கள். உரிகிற பழைய எனாமல் பெயின்றில் ஈயம் இருக்கலாம், அதைச் சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

இரும்பு என்றால் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் உள்ள வீடுகளில் உப்புக்காற்று இரும்பை உள்ளிருந்தே தின்னும். வெளியில் பெயின்ற் வடிவாக இருக்கும், வெல்டிங் பக்கத்தில் மட்டும் சின்னக் கொப்புளம் தெரியும். நகத்தால் சுரண்டினால் செந்தூள் வரும். அங்கே கட்டில் உடைவதற்குத் தயாராகிறது. கொட்டாஞ்சேனையின் உள் வீதிகளிலோ நுகேகொடைப் பக்கமோ இருப்பவர்களுக்கு இந்தக் கரைச்சல் குறைவு. எங்கே இருந்தாலும் குழாய் முனைகளுக்கு மூடி இருக்கிறதா, வெல்டிங் முழுச் சுற்றாக ஓடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பொட்டுப் பொட்டாக வைத்திருந்தால் வேண்டாம்.

ஏணியைச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் பாருங்கள். உருண்டைக் கம்பி உள்ளங்காலை வெட்டும், பிள்ளை அவசரத்தில் கடைசி இரண்டு படியைப் பாய்ந்துவிடும். 3 அங்குலத் தட்டைப் பலகை, படிக்குப் படி ஒரே உயரம், கொஞ்சம் சாய்வு, இவை இருக்க வேண்டும். ஏணி கொளுவி வைப்பதாக இல்லாமல் போல்ட்டில் நிற்க வேண்டும். ஏறுகிற வாசல் 12 முதல் 16 அங்குலத்துக்குள் இருந்தால் போதும், அதைவிட அகலமாக இருந்தால் அதுவே விழுகிற வாசலாகிவிடும். இழுப்பறை வைத்த படிக்கட்டு எல்லாவற்றையும்விடப் பாதுகாப்பு, இடம் இருந்தால் அதையே எடுங்கள். கால்களின் உச்சியில் அலங்காரக் குமிழ் வேண்டாம். இறங்கும்போது சட்டைக் கழுத்து அதில் மாட்டும்.

மேல் கட்டிலில் எதையும் கட்டக்கூடாது. சால், பெல்ற், பள்ளிக்கூட டை, கயிறு எதுவும் வேண்டாம். தடுப்பில் சேலையைக் கட்டி ஊஞ்சலாடுவது பிள்ளைகளுக்குத் தானாக வருகிற விளையாட்டு. பாவாடை நாடாகூட ஒரு கழுத்துக்குப் போதும். இதைக் கட்டில் வருகிற அன்றைக்கே பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லுங்கள். மேலே ஒருவர்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வாங்குமுன் லிஃப்டையும் படிக்கட்டுத் திருப்பத்தையும் அளந்து, கட்டில் துண்டு துண்டாக வருமா என்று கேட்டுவிடுங்கள். வாடகை வீடென்றால் சுவரில் துளை போடலாமா என்று வீட்டுக்காரரிடம் முதலே கதையுங்கள். அவர் விட்டால் மேல் சட்டத்தை இரண்டு இடத்தில் எல் பிராக்கெட் போட்டுச் சுவரோடு பிடித்துவிடலாம். அப்புறம் அது நகரவும் நகராது, ஆடவும் ஆடாது.

பூட்டி இரண்டு கிழமையில் எல்லா போல்ட்டையும் ஒருதரம் இறுக்குங்கள். புது மரம் உட்காரும், கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை, கட்டில் விரிப்பு மாற்றுகிற நாளில் பார்த்தால் போதும். கட்டிலோடு வந்த, போல்ட் இறுக்குகிற சாவியைக் கீழ்ச் சட்டத்தின் உள்பக்கத்தில் ரேப் போட்டு ஒட்டிவிடுங்கள். தேவைப்படுகிற நேரத்தில் அலுமாரி முழுக்கத் தேடினாலும் அது கிடைக்காது.